எல்லைக் கோட்டிலிருந்து வந்த எறி

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துப் பிழைகளை மலர்க்குழுவினர் திருத்திக்கொள்ளட்டும். எங்கள் கிரிக்கெட் கழகத்தின் மலருக்கு, தைவான்காரரின் அந்த எறியைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கப்டன் மூன்று தரம் கேட்டுவிட்டார்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தைவான்காரருடைய வலது முழங்கையின் உட்பக்கத்தில் இருந்த நீளத் தழும்பு. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வந்து குவியும் சலவைத் தொழிற்சாலையில் நாங்கள் ஒரே மேசையில் நின்றோம். விரிப்பின் இரண்டு முனைகளை அவர் பிடிப்பார், மற்ற இரண்டையும் நான் பிடிப்பேன். இருவரும் பேச்சுக் குறைந்தவர்கள். அங்கிருந்த தமிழர்கள் அவருக்குப் பழக்கிய ஒரே சொல், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’. எதைக் கேட்டாலும் “ஓம்” என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு வருடம் போன பிறகுதான் தழும்பைப் பற்றிக் கேட்டேன். எங்கள் இருவரின் அரைகுறை ஆங்கிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் பேஸ்போலில் பந்து எறிபவர். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு, விளையாட்டுக்காகவே பள்ளி விடுதியில் சேர்ந்தவர். பிறகு சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணியில் மூன்று வருடம் நன்றாக எறிந்திருக்கிறார். சந்தையில் மீன் விற்ற அவருடைய தாய், மகனின் படம் வந்த பேப்பரில் மட்டும் மீன் சுற்றிக் கொடுக்க மாட்டாராம். நாலாம் வருடம் முழங்கை நோகத் தொடங்கியது. பயிற்சியாளர் “எறிவாயா?” என்று கேட்பார். இவர் குனிந்து, “எறிவேன்” என்பார். “அங்கே வேறு பதில் இல்லை” என்றார் என்னிடம். ஒருநாள் பந்து கையை விட்டுப் போகும்போதே உள்ளே ஏதோ அறுந்தது. மணிக்கட்டிலிருந்து தசைநார் எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார்கள். இரண்டு வருடம் இரண்டாம் அணியில் வைத்திருந்துவிட்டு, பிறகு வேண்டாதவர்களின் பட்டியலில் பெயரைப் போட்டார்கள். லண்டனில் இருந்த தமக்கையிடம் வந்துவிட்டார். இனி ஒரு தரம் முழுப்பலத்தோடு எறிந்தால் அந்தக் கை எந்த வேலைக்கும் உதவாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இதை அவர் சொன்னது எனக்கு மட்டும்தான்.

ஆள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவரைக் கிங்ஸ்பரி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன், சும்மா ஓர் ஆளாக நிற்க. உள்ளே வரும்போது தொப்பியைக் கழற்றி மைதானத்தை வணங்கினார்.

“என்ன, கோயிலெண்டு நினைச்சிட்டாரோ?” என்றான் ஒருவன்.

“உன்னைப் போல பிந்தி வந்து குறட்டை விடேல்லைத்தானே, விடு” என்றார் கப்டன்.

கடைசிப் பந்து. எதிரணிக்குச் சமன் செய்யவே இரண்டு ஓட்டம் வேண்டும். கப்டன் அவரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பி, கையால் எறிந்து காட்டிக் கேட்டார்: “அண்ணை, அங்க இருந்து எறிய ஏலுமோ?”

“ஓம்” என்றார் அவர். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார்.

‘கப்டன், அவருக்கு ஏலாது.’ மூன்று சொற்கள், சொல்லியிருக்கலாம். எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

பந்து அவரிடமே போனது. எடுத்து எறிந்தார். நிலத்தில் படாமல் விக்கெட் காப்பாளரின் கைக்கு வந்தது. இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி வந்தவன் பாதி வழியில் நின்றான். வென்றோம். அவரைத் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்து சிரித்தார். வலது கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார். இடது கையால்தான் சாப்பிடுகிறார் என்று அவருடைய தமக்கை பிறகு சொன்னார். நான் அழவில்லை. மேசையின் மறுபக்கத்தில் வேறொருவர் வந்தார், விரிப்புகளை மடித்தோம்.

கழக விருந்துகளில் கப்டன் இன்றும் சொல்லுவார்: “அந்தாள் எறிஞ்ச எறி, மச்சான், ரொக்கெட்!” நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கப்டன், அவருடைய கையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்பதும் தெரியும். இதைப் போடுவதானால் முழுவதையும் போடுங்கள்.

எழுதி முடித்தது, பெப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை.