ஜிஸ்லேன் மறைத்த ஏழு கொடிகள்

ஜிஸ்லேனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய முழங்கால்களைப் பற்றித்தான் சொல்வார்கள். முப்பத்து நான்கு வருஷம் குனிந்து குனிந்து இரண்டும் போய்விட்டன. படி ஏறும்போது இரண்டையும் பெயர் சொல்லாத குறையாகத் திட்டிக்கொண்டேதான் ஏறுவாள். அவள் வேலை பார்த்த நெசவு ஆலை மூடியபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பத்து நாள் அறுவடைக் கூலிக்கென்று வோத்லான் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் லூசியானைக் கட்டிக்கொண்டாள்; வோத்லான் வீட்டுத் திராட்சைக் கொடிகளைக் கத்தரித்துவிடும் கவாத்துக்காரி ஆனாள். "எம் பொண்டாட்டிக்கு ரெண்டாயிரத்து நானூறு புருஷனுங்க. நான் வெறும் டிரைவர்" என்று லூசியான் பாரில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பான்.

அந்த இரண்டாயிரத்து நானூறும் நிற்கிற துண்டுக்கு லா ரோஷேத் என்று பெயர். 1911இல் நட்டவை. கம்பி கிடையாது, பந்தல் கிடையாது. ஒவ்வொன்றும் இடுப்புயரத்துக்குத் தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கும். காய்ப்பு? சொன்னால் வெட்கக்கேடு. கொடிக்கு மூன்று கொத்து, மிஞ்சிப்போனால் நான்கு. ஆனால் அந்தக் கொத்திலிருந்து வருகிற ஒயினைத் தனிப் பீப்பாயில் வைத்து, தனியாகப் புட்டியில் அடைப்பார்கள். இருபது வருஷம் கழித்துத் திறந்தாலும் அது உயிரோடு இருக்கும். வோத்லான்கள் மற்ற ஒயினை விற்றுச் சாப்பிடுவார்கள். இந்த ஒயினை வைத்துத்தான் நான்கு தலைமுறையாகத் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள்.

நான்காவது தலைமுறை ஒக்தாவ். அறுபத்தோரு வயது. வார்த்தைக்கு வரி கட்டுகிற மாதிரி பேசுவார். அவரும் ஜிஸ்லேனும் இத்தனை வருஷத்தில் பேசியதெல்லாம் மழை, கத்தரி, முழங்கால் இவ்வளவுதான். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

வந்தது நோய். ஊரில் அதை 'மஞ்சள்' என்பார்கள், எங்கள் கருப்புத் திராட்சையில் இலை சிவந்துதான் போகும் என்றாலும். இலை சுருளும், தண்டு முற்றாமல் ரப்பராய்த் தொங்கும், கொத்து கருகும். மருந்தே இல்லை. தத்துப்பூச்சி ஒன்று நோய்க் கொடியில் சாற்றைக் குடித்துவிட்டுப் பக்கத்துக் கொடிக்குத் தாவும்; அதுவும் போச்சு. அதனால் சட்டம் கறார். ஒரு கொடியில் அறிகுறி தெரிந்தாலும் சொல்லியாக வேண்டும். பிடுங்குவார்கள், ஊர் முழுக்க ஒரு தடவைக்கு மூன்று தடவை பூச்சிமருந்து அடிப்பார்கள். ஒரு துண்டில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் நோய் என்றால் துண்டையே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

போன செப்டம்பரில், அறுவடை முடிந்த வாரம், ஜிஸ்லேன் லா ரோஷேத்தில் ஏழு கொடிகளைப் பார்த்தாள். சிவப்பு. சுருட்டல்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'வயசான கொடி, களைப்பா இருக்கும்' என்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டாள். ஆளில்லாத நேரம் பார்த்து, நோய்த்தண்டுகளை மட்டும் நறுக்கி, கோணியில் திணித்து, வீட்டு அடுப்பில் போட்டு எரித்தாள். லூசியான்கூட என்னவென்று கேட்கவில்லை. கொடி பார்வைக்குச் சுத்தமாக நின்றது. தண்டை வெட்டினால் சாற்றிலிருக்கும் நோய் போய்விடுமா? முப்பத்து நான்கு வருஷக் கவாத்துக்காரிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள், மகராசி.

இந்த ஆகஸ்டில் லா ரோஷேத் சிவந்தது. இலை பரிசோதனைக்குப் போய், மஞ்சள்தான் என்று பதிலும் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாயிரத்து நானூறில் எல்லை நானூற்றெண்பது. முந்தின சாயங்காலமே ஜிஸ்லேன் ஒரு வரிசை விடாமல் நடந்து எண்ணினாள். ஐந்நூற்றுப் பத்தொன்பது. இன்னொரு தடவை எண்ணினாள். குறைவேனா என்றது.

விடியும்போது கத்தரியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மேட்டில் ஏறியதும், வரிசைக்கு நடுவே ஒரு முதுகு தெரிந்தது. ஒக்தாவ். பக்கத்தில் கோணி, அதில் சிவந்த தண்டுகள்.

"நீயா! நல்லவேளை," என்றார். அவர் குரலே அவருடையதாக இல்லை. "நாப்பத்தி நாலு முடிச்சுட்டேன். சுவரோரம் இருக்கிறத நீ எடு. இன்னும் நாலு கொடி எடுத்தாப் போதும், எல்லைக்கு நல்லாவே கீழ வந்துடும்."

அவளும் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதை வெட்டி நிமிர்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கண் போயிற்று. அது பக்கத்துத் தோட்டக்காரன் திபோவின் துண்டு. அவனும் பெண்டாட்டியுமாகக் கையாலேயே நட்ட மூன்று வருஷக் கன்றுகள். சுவரை ஒட்டிய முதல் வரிசை முழுக்கச் சிவப்பு.

கத்தரி கையில் கனத்தது. "முதலாளி, இங்க வாங்க."

வந்து பார்த்தார்.

"நான்தான். போன வருஷம் ஏழு கொடியில பாத்தேன். யாருக்கும் சொல்லாம நறுக்கி எரிச்சுட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா ஏழோட போயிருக்கும். மூணு தடவை மருந்தடிச்சிருப்பாங்க. இத்தனையும் நான் பண்ணினது."

அவர் சுவரில் கை வைத்து நின்றார். திட்டட்டும், கன்னத்தில் ஒன்று வைக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"அப்ப இப்பவும் சொல்லாத." அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "கெஞ்சிக் கேக்கறேன், ஜிஸ்லேன். என் காலத்துல இது போகக் கூடாது."

எட்டு மணிக்கு ஓதில் வந்துவிட்டாள். கணக்கெடுப்புக்குத் தலைவி, உரத்த குரல், பெரிய பூட்ஸ். கூட எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு வரிசை. நோய்க் கொடி கண்டால் ஒருவர் சத்தம் கொடுப்பார், சிவப்பு நாடா கட்டுவார், ஓதில் கோடு போடுவாள். நடுவில் ஒரு கொடியருகே நின்றாள். "என்ன ஒக்தாவ், இலை உதிரலை, அதுக்குள்ள கவாத்தா?"

"இலை கிள்ள வந்த பசங்க கத்தரி," என்றார் ஒக்தாவ்.

"காலேஜ் பசங்களக் கூட்டிட்டு வந்தா இலையையும் வெட்டுவான், கொடியையும் வெட்டுவான்," என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள் ஓதில்.

பதினொரு மணிக்கு முடிந்தது. ஓதில் இரண்டு தடவை கூட்டினாள். "நானூத்தி எழுபத்தி ஒண்ணு! தப்பிச்சீங்க ஐயா. நாடா கட்டினதை மட்டும் பிடுங்கினாப் போதும். இன்னிக்கு ஒரு ரோஷேத் புட்டியைத் திறக்கணும், சும்மா விடமாட்டேன்." வந்தவர்கள் கைதட்டினார்கள். ஒக்தாவ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து ஜிஸ்லேன் பார்த்ததில்லை.

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அடுத்த வருஷம் திபோவின் துண்டு மொத்தமும் சிவக்கும். அதற்கடுத்த வருஷம் அவனுக்குப் பக்கத்துத் துண்டு. ஏழு கொடியை மறைத்துப் பார்த்தாயிற்று. நாற்பத்தெட்டை மறைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நாடாவைக் குடு," என்றாள் ஓதிலிடம்.

"எதுக்கு?"

"இன்னும் இருக்கு."

சுவரோரம் தான் வெட்டிய நாலுக்கும் முதலில் கட்டினாள். பிறகு ஒக்தாவ் வெட்டியவை. ஒவ்வொரு கொடியிலும் நேற்று எத்தனை தண்டு, எது சிவந்தது என்று அவளுக்குத் தெரியும். "இது. இதுவும். அதோ, அது." முழங்கால் மடங்க மறுத்தது, தரையில் உட்கார்ந்து நகர்ந்தாள். ஓதிலின் பேனா மட்டும் அசைந்தது. பத்தாவது நாடாவில் எண்ணிக்கை நானூற்று எண்பத்தொன்று.

"போதும்மா, எந்திரி," என்றாள் ஓதில் மெதுவாக. "எல்லை தாண்டிடுச்சு. இனி கட்டினாலும் கட்டாட்டியும் எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல. எல்லாத்தையும் எழுது."

மீதி முப்பத்தெட்டையும் கட்டி முடித்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். லா ரோஷேத் போயிற்று. வசந்தத்துக்குள் இயந்திரம் வரும், இரண்டாயிரத்து நானூறையும் வேரோடு இழுத்துப் போடும். கொன்றது யார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாய்விட்டு அழுதாள், ஊர்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஒக்தாவ் வந்து அவளெதிரே குந்தினார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தாள்.

"ஏழு இல்ல, ஜிஸ்லேன்," என்றார். "மேல் மூலையில பதினொண்ணு இருந்துது. அதை வெட்டினது நான்."

"அதைத்தான் கட்டிட்டேனே."

"இன்னிக்கு வெட்டினது இல்ல. போன வருஷம்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவருடைய சட்டையைப் பிடித்தாள். "அடப் படுபாவி! காலையில நான் சொன்னப்போ கல்லு மாதிரி நின்னீங்களே! போன வருஷமே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன்."

சட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவரிடம் சொல்லாமல் அவள் மறைத்ததும் இதே காரணத்துக்குத்தான். இதே வார்த்தைகளில்தான் அவளும் நினைத்திருந்தாள்.

"ஏழும் பதினொண்ணும் பதினெட்டு," என்றாள். "பதினெட்டுக் குழி தோண்டியிருந்தாப் போதும், முதலாளி."

அவர் தலையை ஆட்டினார். ஓதில் கையெழுத்துக்குத் தாளை நீட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்றிருந்தாள்.