குடத்தில் போட்ட கோடு

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வியாதிகளின் பெயர்கள் எனக்கு அத்துப்படி. தலை வலித்தால் மூளையில் கட்டி, ஏப்பம் வந்தால் மாரடைப்பு. தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்கள் காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு எது?" என்றுதான் கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம். கோவில்பட்டியில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். குடிப்பதற்கென்று நாலு குடம் பிடித்து, வாயில் துணி கட்டி அடுப்படியில் வைப்போம். இரண்டு பேருக்கும் எட்டு நாளைக்கு அது தாராளம். அந்தச் சித்திரையில் நாலாம் நாளே மூன்று குடம் காலி.

எனக்கு உடனே பக்கத்து வீட்டு அக்கா மேல் சந்தேகம். நாங்கள் இல்லாத நேரம் பின்வாசல் வழியாக வந்து மொண்டு போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசிக் குடத்துக்குள் குச்சியை விட்டு அளந்து, வெளியே சிவப்பு மையால் கோடு போட்டு வைத்தேன். என் மனைவி அன்றைக்கே அதை அந்த அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, கோடு போட்டிருக்கீயளாமே? நான் களவாங்குனா, அதுக்குக் கீழ இன்னொரு கோடு போட்டுட்டுல்லா போவேன்!" என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அடுப்படியில் என் மனைவி செம்பை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மொண்டாள். மறுபடியும்.

"ஏட்டி, மூணு செம்பா?"

"ஆறு. எண்ணத் தெரியாம எதுக்குக் கோடு போடுதீய?"

அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். வெயிலுக்கு வாடுகிறாள் என்று தினமும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

"வா, டாக்டர்ட்ட போவோம்."

"ஒங்க கவலைக்கு நான் ஊசி குத்திக்கிடணுமாக்கும்? போங்க அங்கிட்டு."

அடுத்த நாள் காலையில் வாந்தி எடுத்தாள். படுத்த இடத்திலேயே, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. கேலி பேச அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னைக்கு ஒனக்கு என்னய்யா?"

"எனக்கில்ல சார், இவளுக்கு. ஓயாத தாகம்."

"சித்திரையில யாருக்குய்யா தாகம் இல்ல?"

"நாலு நாள்ல மூணு குடம் சார். நான் குடிச்சது அரைக் குடம்கூட இருக்காது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அவள் மூச்சை மோந்து பார்த்தார். ஒண்ணுக்கு அடிக்கடி போகிறதா என்று கேட்டார். தலையாட்டினாள். சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, "சுகர் எக்கச்சக்கமா இருக்கு, அதான் மூச்சுல பழ வாடை. உசுருக்கே ஆபத்து. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போ" என்று அவரே கார் பிடித்துக் கொடுத்தார்.

அங்கே இரண்டாம் நாள்தான் அவளுக்கு முகம் தெளிந்தது. பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று சொன்னார்: "இது வயசானவங்களுக்கு வர்ற சுகர் இல்லம்மா. வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இன்சுலின் சுரக்கும். உடம்பைக் காவல் காக்குற அணுக்களே அதை எதிரின்னு நெனச்சு அழிச்சிருச்சு. இனி தினமும் ஊசி போடணும். விடாமப் போட்டா நல்லா இருக்கலாம்."

அவர் நகர்ந்ததும் என் மனைவி, கையில் ஏறும் டிரிப்ஸோடு என் பக்கம் திரும்பினாள்.

"வீட்டு ஆளையே களவாணின்னு நெனச்சிருக்கு பாத்தீயளா. ஒங்ககூட இருந்து படிச்சிருக்கும்."

குரல் நூலாகத்தான் வந்தது. ஆனால் கேலி திரும்பிவிட்டது. வராண்டாவுக்குப் போய் அழுதேன்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து வெயிலில் கெட்டுவிடும் என்பதால், மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் கிண்ணத்தை மிதக்கவிட்டு இன்சுலின் பாட்டிலை வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வேலையிலிருந்து வந்தபோது, மருந்து பாட்டிலின் மேல் சிவப்பு மையில் பொடியாக ஒரு கோடு.

"என்னட்டி இது?"

"ஊசியை ஒழுங்காப் போட்டுக்கிட்டேனான்னு சாயங்காலம் வரைக்கும் மருகுவீயள்லா? வந்ததும் கோட்டைப் பாத்துக்கிடுங்க. கொறைஞ்சிருந்தா நான் இருக்கேன்னு அர்த்தம்."

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.