மற்றப் பாகம் எங்க தம்பி?

வீடியோக் கடையில நிண்டவனுக்குத்தான் தெரியும், படம் பார்த்தவன் எல்லாரும் விமர்சகன், கசெற்றைத் திருப்பிச் சுத்திக் கொண்டுவாறவன் ஒருத்தனும் இல்லை. உங்களைத்தான் சொல்றன், முகத்தை அங்கால திருப்பாதேங்கோ.

படிப்பை விட்டிட்டு துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கடையில நிண்டனான். சண்டைக் காலம். கரண்ட் இருந்தால் படம், இல்லாட்டி கதை. என்ர வாயை நம்பி முதலாளி கொழும்பிலயிருந்து ஒரு இங்கிலிஸ் படம் எடுப்பிச்சார். ரெண்டு பேர் சேர்ந்து வரிசையா ஆக்களைக் கொலை செய்த உண்மைக் கதை. படம் ஓடாட்டி இறக்கக்கண்டிக்குப் போய் உன்ர மாமான்ர மீன்பிடித் தோணியில ஏறு எண்டிட்டார். எனக்குக் கிண்ணியாப் பாதையில, அதுதான் அந்தத் தட்டைப் படகில, ஏறினாலே திண்டதெல்லாம் சத்தியா வெளியில வரும். உயிர்ப் பயத்தில போர்டில பெரிசா எழுதினன்: "தொடர் கொலைகள். உண்மைக் கதை."

தொடரும்

முதல் கொண்டுபோனது பக்கத்துத் தையல்கடை சரோசா அக்கா. அடுத்தநாள் விடியவே வந்து நிண்டா. படம் பறவாயில்லையாம், ரெண்டு பேரையும் பிடிச்சதும் சரியாம். ஆனா 'தொடர்' எண்டதை அவ ரீவியில கிழமைக்குக் கிழமை போடுற நாடகம் மாதிரி விளங்கியிருக்கிறா. தொடர் கொலையெண்டா அதில்லை அக்கா எண்டு நான் தொடங்க, கையைக் காட்டி நிப்பாட்டினா.

"அந்தக் கொலைகாரர் ரெண்டு பேரில பெரியவன்ர பெண்சாதி பிள்ளைத்தாச்சி. அவளை நடுத்தெருவில விட்டிட்டுப் படம் முடியுமே? மற்றப் பாகம் எங்க தம்பி, ஒளிக்காமத் தா."

எந்தக் கோஷ்டி

ஒருக்கா கசெற்றோட செக்பொயின்ரில மாட்டுப்பட்டன். மட்டையில கத்தியோட ஒருத்தன். ஆமிக்காரன் ஆர் இவன் எண்டான். கொலைகாரன் சேர் எண்டன். எந்தக் கோஷ்டி எண்டான். ஒரு கோஷ்டியும் இல்லை, தன்ரபாட்டில கொல்றவன் எண்டன். படத்தை வெளிச்சத்தில பிடிச்சு வடிவாப் பார்த்திட்டு, தம்பியெண்டதைத் தன்ர சிங்களத்திலயே சொன்னான்.

"இயக்கம் இல்லை, ஆமி இல்லை, சும்மா கொல்றது? மல்லி, இவனுக்குப் பைத்தியம்."

உண்மை

மஜீத் நானா கிண்ணியாவில யாவாரி. அவர் நல்லமெண்டு சொன்னால் அங்கால கரை முழுக்க அந்தப் படத்தை எடுக்கும். முதலாளியும் நானும் அவற்ற வாயையே பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள். கசெற்றை மேசையில வைச்சார். வெட்டுக் குத்தெல்லாம் நம்பலாமாம். பிறகு தமையனைப் பற்றிச் சொன்னார். சந்தைக்கெண்டு போனவர், திரும்பி வரேல்லை. எத்தினை இடத்தில போய் முறைப்பாடு குடுத்தும் ஒருத்தரும் தலை நிமிர்த்தேல்லையாம்.

"படத்தில ஒரு பொம்புளையைக் காணேல்லையெண்டு முழுப் பொலிசும் நாயையும் கொண்டு தேடுது. இதை உண்மைக் கதையெண்டு எழுதினது ஆரு?"

அவர் போனாப் பிறகு முதலாளி போர்டைக் காட்டி என்னட்ட ஈரத்துணியை எறிஞ்சார்.

"உண்மையை அழியடா. தொடர் இருக்கட்டும்."

உண்மையை அழிச்ச நாளிலயிருந்து பெண்டுகள் நாடகமெண்டு நினைச்சு அள்ளிக்கொண்டு போச்சினம், நானும் தோணிக்குத் தப்பினன். ஆனா ஊர் முழுக்க அந்தப் படத்துக்கு விமர்சனம் சொன்ன நான், முதலாவது கொலையோடயே ரீவியை நிப்பாட்டினனான்.