ஐந்து கத்தையாக அறுத்த புத்தகம்

எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு. பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். புத்தகம் என்றால் வரிக்கு அடியில் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போக வேண்டும். நாலு பக்கம் போவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் படித்தது எதுவும் மறக்காது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என்னை மாயக்கதையில் இழுத்துவிட்டது எங்கள் சம்மந்தி. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து என் மகளைக் கடத்தூரில் கட்டிக் கொடுத்தேன். மருமகனுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். பொண்ணு கொடுத்தவள் நான். அவர் வீட்டுக்குப் போனால் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன். காப்பி கொடுத்தால் குடிப்பேன், சாப்பிடச் சொன்னால் "இப்பத்தான் சாப்ட்டு வந்தனுங்க" என்பேன். பசித்தாலும் அப்படித்தான். அது முறை.

மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் வயர் கூடையிலிருந்து செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் மடங்கிப்போயிருந்தது.

"என்ன புக்குங்க?"

"மாயக்கதைங்க சம்மந்தி. பழைய புத்தகக் கடையில வாங்கினேன். இனிமேதான் படிக்கோணும்."

அங்கேயே முதல் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினார். மலைக்கு உள்ளே ஒரு ஊர். வெயிலே கிடையாது. வெளிச்சம் கொடுக்கிற மீன்களைக் குடத்தில் விட்டுத் தெருத்தெருவாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஊர் வாசலில், எதிராளி நுழையாமல் கதவைக் காக்கிற ஒரு காவல்காரி. அவளுக்கு நிழல் கிடையாது. சின்ன வயதில் ஊரைக் காப்பாற்ற நிழலைக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களே அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நர்ஸ் வந்து சத்தம் போடவும் புத்தகத்தை மூடினார். எனக்கு அந்த நிழலில்லாதவள் நெஞ்சிலேயே நின்றுவிட்டாள்.

நான் படிக்கிற வேகத்துக்கு ஒரு புத்தகத்தை வைத்து இரண்டு பேர் என்ன செய்வது? மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அரிவாள்மனையை எடுத்துவரச் சொல்லி அதை ஐந்து கத்தையாக அறுத்தவள் நான்தான். கோணி ஊசியில் சணல் கோர்த்துத் தைத்தேன். "புக்கைப் போயி பூசணிக்கா மாதிரி அறுக்கறீங்களே" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சிரித்தார். ஏற்பாடு இதுதான்: ஒரு கத்தையை முதலில் அவர் படித்து எனக்குக் கொடுப்பார். நான் முடித்துத் திருப்பிக் கொடுக்கிறவரை அடுத்த கத்தையை அவர் தொடக்கூடாது. அவராகத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சந்தைக்கு சந்தை, காசில்லாத பஸ்ஸில் ஏறி கடத்தூர் போவேன். சந்தை வேலை ஒரு சாக்கு. அவர் வீட்டில் கதை பேச உட்கார்ந்தால் மட்டும் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்காருவேன். அந்த நேரத்துக்கு அவர் பையனைப் பெற்றவரும் இல்லை, நான் பொண்ணைக் கொடுத்தவளும் இல்லை.

"அவ கதவத் தொறந்து வுட்டுருவா பாருங்க. எதிராளிகிட்ட காசு வாங்கறவ மாதிரிதான் தெரியுது" என்பார்.

"நிழலையே குடுத்தவ கதவத் தொறப்பாளாங்க? உங்களுக்கு ஆளப் பாக்கத் தெரியல."

"எழுதினவன் ஆம்பள. பொம்பளைய நல்லவளா வுட்டுவைப்பானா?"

"இந்த ஆளு அப்படியில்லைங்க. கிணத்துல தண்ணி சேந்தறத எழுதியிருக்காரே, தோள்பட்ட வலிக்கறத. சேந்தாதவனுக்கு அது வருமா?"

என் மகள் காய் நறுக்கிக்கொண்டே, "ரெண்டு பேரும் சொந்தக்காரங்க சண்டை மாதிரி பேசறீங்க" என்பாள். எனக்கு அந்தக் காவல்காரி சொந்தக்காரியாகத்தான் இருந்தாள். சித்தேரி மலையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் அந்த ஊர் இருப்பதாகவும் அவள் வாசலில் நிற்பதாகவும் நினைத்துக்கொள்வேன். சந்தையன்று சம்மந்தியிடம் பேச வேண்டியதைக் களை பறிக்கும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். புருஷன் போன பிறகு, அப்படிச் சேர்த்து வைத்துப் பேச எனக்கு யாரும் இருந்ததில்லை.

நாலாவது கத்தை முடிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடத்தூரில் புத்தகம் படிக்கிறவர்கள் எல்லோரும் கூடுகிறார்கள், ஆளாளுக்குப் பிடித்த மாயக்கதையைச் சொல்வார்கள், வாங்க என்று சம்மந்தி கூப்பிட்டார். நான் பெட்டியிலிருந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். காலேஜ் பிள்ளைகள், பாங்கியில் வேலை செய்கிற ஒரு தம்பி, இரண்டு வாத்தியார்கள். "ஃபேண்டஸி நாவல்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு பெண் தனக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கு மூச்சே வாங்கியது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. என் முறை வந்தால் அந்தக் காவல்காரியைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு முன்னால் சம்மந்தி எழுந்தார்.

"இந்தப் புத்தகத்த நான் எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. கடைசியில அவ கதவத் தொறந்து வுட்டுட்டு அந்த வாசல்லயே கல்லாப் போயிருவா பாருங்க, ஒவ்வொரு தடவையும் அழுதுருவேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவங்க எங்க சம்மந்தி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. அவங்க மனசு நோகக் கூடாதுன்னு, நானும் புதுசாப் படிக்கற மாதிரியே நடிச்சு கூடவே வரேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். மூச்சு வாங்கிய அந்தப் பெண் இன்னும் பலமாகத் தட்டினாள். "பாட்டி, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். "எனக்கு என்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் கூடவே வந்தார்.

"கோவமா சம்மந்தி?"

"எனக்கென்னங்க கோவம். பொண்ணக் குடுத்த வூடு."

"முடிவ வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்குத்தான?"

"முடிவு போனாப் போவுதுங்க."

"பின்ன என்ன? நீங்க ஒவ்வொன்னுக்கும் ஆச்சரியப்படறதப் பாக்க எனக்கு அத்தன சந்தோசமா இருந்துச்சு."

"அப்ப கதையப் படிக்கல. என்னையப் படிச்சிருக்கீங்க."

அவருக்கு அது உறைத்த மாதிரித் தெரியவில்லை. சிரித்தார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வழியெல்லாம் பழசெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மீன் குடம் உடைந்த இடத்தில் "ஐயோ, இப்படி ஆவும்னு நெனைக்கலியே" என்று மார்பில் கை வைத்தாரே, அது நடிப்பு. கதவைத் திறப்பாள் என்று என்னோடு மல்லுக்கு நின்றாரே, அது தெரிந்தே செய்தது. குழந்தைக்கு நிலா காட்டுகிற மாதிரி எனக்குக் கதை காட்டியிருக்கிறார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர் கெட்டவர் இல்லை. என் மகளைத் தங்கமாக வைத்திருக்கிறார். அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், "நல்லதுதான செஞ்சாங்க" என்பார்கள்.

சந்தைக்குப் போவதை நிறுத்தினேன். அவரே ஒருநாள் பஸ் ஏறி வந்து ஐந்தாவது கத்தையைக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டார். கத்தையை அரிசி டிரம்மின் மேல் போட்டுவைத்தேன்.

கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது எடுத்தேன். அவள் கதவைத் திறக்கத்தான் செய்தாள். ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை. உள்ளே குழந்தைகளுக்கு மூச்சு முட்டியது. எதிராளி வருவான் என்று தெரிந்தே காற்றுக்காகத் திறந்தாள். திறந்த கை திறந்தபடியே கல்லானது. முடிவு தெரிந்திருந்தும் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதின ஆளைப் பற்றிச் சம்மந்தியிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. சொல்லியிருந்தால் சந்தை கலைகிறவரை பேசியிருக்கலாம்.

மறுநாள் மகள் போன் பண்ணினாள். பின்னால் டிவி சத்தம் கேட்டது, பிறகு யாரோ அதைக் குறைத்தார்கள்.

"அம்மா, கடைசிக் கத்தைய முடிச்சுட்டீங்களான்னு அத்தை கேக்கறாங்க. பக்கத்துலயேதான் இருக்காங்க, பேசறீங்களா?"

"இன்னும் இல்ல சாமி" என்றேன். "எழுத்துக் கூட்டிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு."