கப்பக்காரர் வீட்டு முதல் வேட்டி

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்குக் கதவு எண் தேவையில்லை. 'கப்பக்காரர் வீடு', அதாவது கப்பல்காரர் வீடு, என்றால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். எங்கள் பாட்டனுக்கும் பாட்டன் ஒருவர் பினாங்குக்குக் கப்பலேறிப் போய் வியாபாரம் செய்தார், திரும்பவில்லை. மாடு முட்டிக் கிழித்ததில் அவருக்கு இடது காது பாதிதான் இருக்கும். வீட்டில் சொல்லிவந்த கதை இவ்வளவுதான். மீதியை நான் சேர்த்தேன். என் மகளைப் பெண்பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தவர்களிடம் மிளகு, ஏலக்காய், பட்டு என்று பாட்டன் கப்பலில் சரக்கை ஏற்றிக்கொண்டே போனேன். காபி ஆறியும் நிறுத்தவில்லை.

சம்பந்தி அசந்துபோனார். "இத பத்திரிகைலயே போட்டுடுங்க சம்பந்தி. எங்க பக்கத்து ஆளுங்க பார்க்கட்டும்."

பத்திரிகையில் போடுவதென்றால் ஒரு விவரமாவது உண்மையாக இருக்க வேண்டாமா? சிதம்பரத்தில், பழைய கப்பல் பயணங்களைத் தோண்டும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைப் பிடித்து, பாட்டனின் ஊரையும் பேரையும் காதையும் சொல்லிவிட்டு வந்தேன். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார். மேலவீதி ஓட்டலில் எனக்கு இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வந்து, நான் தின்று முடிக்கும்வரை விஷயத்தை எடுக்கவில்லை. நல்ல மனுஷர்.

"ஆளு கெடச்சிட்டாரு. அதே ஊரு, அதே பேரு, அதே அரைக்காது. ஆனா வியாபாரியா போவல. கைதியாத்தான் போனாரு. கைதிங்க பதிவேட்டுல அங்க அடையாளத்தோட இருக்கு."

பஞ்ச காலம். ஊர் சோறில்லாமல் கிடக்கிறது. துறைமுகத்துக்கு ஏற்றுமதிக்குப் போன நெல் வண்டியை மறித்து, பாட்டனும் கூட்டாளிகளும் இரண்டு மூட்டைகளை இறக்கியிருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு ஆயுள் முழுக்கத் தீவாந்தரம், பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தல். அனுப்புவதற்கு முன் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்களாம்.

"நெத்தியிலயா சார்?"

"நெத்தியிலதான். தப்பிச்சி எங்க போனாலும் தெரியணும்னு."

நியாயமாக எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்திருக்க வேண்டும். நானோ கை கழுவிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் புவனகிரி தாண்டுவதற்குள் மகள் கல்யாணத்தை மனசுக்குள் நிறுத்தி, மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்து, வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என் காதையே பார்ப்பதுபோல் இருந்தது. கையால் பொத்திக்கொண்டேன். என் காது முழுசாகத்தான் இருக்கிறது.

கோபத்தை மூட்டிவிட்டவர் பெரியப்பா மகன். பங்காளிகளில் மூத்தவர். கல்யாணத்துக்கு முன் நாங்கள் முன்னோருக்குப் படையல் போடுவோம். செத்துப்போன ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு புது வேட்டி. முதல் வேட்டி, சரிகை போட்டது, எப்போதும் கப்பக்காரருக்குத்தான். அவருக்குப் படம் கிடையாது என்பதால் ஒரு செம்பில் மஞ்சள் பூசி வைப்போம். முன்னின்று நடத்துகிறவர் இந்த அண்ணன்தான்.

விஷயத்தைக் கேட்டதும், "திருட்டுப் பயலுக்கு எதுக்குடா சரிகை வேட்டி? செம்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார்.

"இத்தினி வருஷமா கப்பக்காரர் வீடுன்னு பீத்திக்கிட்டமே, அந்தப் பேரயும் வுட்டுடலாமாண்ணே?"

"அது வேற."

எது வேற? பட்டினி ஊர் வழியாக நெல்லை ஓட்டிக்கொண்டு போனவன் கௌரவமான வியாபாரி. அவன் நெற்றியில் யாரும் எதுவும் குத்தவில்லை. தீர்ப்புச் சொன்ன துரை வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். துரையை விடுங்கள், அயலான். அந்த நெல்லைப் பொங்கித் தின்ற வயிறுகளில் பாட்டன் பெற்ற பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். இன்று அண்ணன் தடவிக்கொள்ளும் தொப்பை அங்கே ஆரம்பித்ததுதான். அந்தத் தொப்பை இப்போது வேட்டியை உருவுகிறது!

வீரம் வந்துவிட்டது. சம்பந்திக்கு நானே போன் போட்டேன். ரிங் போகும்போதே வீரம் இறங்கிவிட்டது. எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துத் தொலைத்தார். மூச்சு விடாமல் கொட்டினேன்.

முழுக்கக் கேட்டார். பிறகு, "கொல கில ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"நெல்லுதான் சம்பந்தி. ரெண்டு மூட்ட."

"அதுக்காவ கல்யாணத்த யாரு நிறுத்துவா? பத்திரிகைல மட்டும் போட வேணாம். எங்க அக்கா வூட்டுக்காரரு ஒரு மாதிரி."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மிளகு விற்றால் போடலாம், பசிக்கு நெல் இறக்கினால் போடக் கூடாதா? இதைக் கேட்டேனா? "சரிங்க சம்பந்தி" என்றேன். பெண்ணைப் பெற்றவன்.

ஆனால் படையல் என் வீட்டில். அண்ணன் வேட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு போனார். பாட்டனுக்கு இல்லை. நான் ஒளித்துவைத்திருந்த சரிகை வேட்டியைக் கொண்டுவந்து முதலாவதாக வைத்தேன். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "குளிருது" என்று யாரும் கேட்காமலே சொன்னேன். சித்திரை மாதம், கடலூர்.

"மரியாதையா எடுத்துடு" என்றார் அண்ணன்.

"படையல்ல வச்சத சூடம் காட்டாம எடுக்கலாமாண்ணே? நீயே எடு, பாக்கலாம்."

அண்ணனுக்கு என்மேல் பயமில்லை. படையல்மேல் உண்டு. முறைத்தார், எடுக்கவில்லை.

செம்பில் நானே மஞ்சள் பூசினேன். பொட்டு வைக்க மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும், சொல்லியிருந்தேன். விரல் நுனியில் துளி சந்தனம் எடுத்தாள்.

"பெருசா வைம்மா. நெத்தி பூரா."

கிண்ணத்திலிருந்த சந்தனம் முழுவதையும் வழித்தெடுத்தாள்.