கூடாரம் தரும் வேலையைத் தேடியவர்

திங்கட்கிழமை காலைத் தபாலில் செய்தி வந்தது. மேற்குக் காட்டில் சாலைக்கு அளவெடுக்கப் போயிருந்த ஓவர்சியர் துரைசாமி, முகாமிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். தலைமை குமாஸ்தா கடிதத்தைப் படித்ததும் நான் எழுந்து மண்டி மொஹல்லா கடைத்தெரு வரை காரணமில்லாமல் நடந்துவிட்டுத் திரும்பினேன். மைசூர் மராமத்து அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் அன்று உட்கார முடிந்திருக்காது.

துரைசாமிக்குச் சொந்த ஊர் காவிரியோரம், கோபிநத்தம். வேலைக்கு நேர்காணலுக்கு வந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "மாசத்துல எத்தனை நாள் வெளியில போகோணுமுங்க?" இஞ்சினீயர் சிரித்துவிட்டாராம். மற்றவர்கள் அலுவலகத்தில் எத்தனை நாள் என்றுதான் கேட்பார்கள். சேர்ந்த பிறகும் பத்திரிகை வந்தால் வேலை விளம்பரங்களைத்தான் முதலில் பார்ப்பார். கால்வாய், ரயில்பாதை, எந்த ஊரானாலும் மனுப் போடுவார். யோசனை கேட்டு வரும் பட்டதாரிகளிடம், "உத்தியோகத்துப் பேரைப் பாக்காதீங்க, கூடாரம் தர்றாங்களான்னு கேளுங்க" என்பார்.

ஒருநாள் நஞ்சன்கூடு பக்கத்திலிருந்து புழுதியோடு வந்து என் மேஜை அருகே நின்றார். அங்கே கட்டவிருந்த சிறுபாலத்துக்கு நான்தான் படம் வரைந்திருந்தேன்.

"ஏனுங்க, உங்க படத்துல ஓடை கெழக்கால போகுது. நெலத்துல மேக்கால போகுதுங்க."

"பழைய சர்வேயைப் பார்த்துத்தான் போட்டேன்."

"ஓடை அதைப் படிக்கலைங்களே. ஒருக்கா வந்து பாத்துருங்க."

அடுத்த ரயிலில் என்னை இழுத்துக்கொண்டு போனார். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், வெள்ளத்தில் ஓடை இடம் மாறி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்று கன்னடத்தில் சொன்னாள். என் படத்தின்படி கட்டியிருந்தால் தண்ணீர் அவள் வீட்டு வரிசைக்குள் புகுந்திருக்கும். படத்தை மாற்றி வரைந்தேன். அவர் அதைப் பற்றி இஞ்சினீயரிடம் வாய் திறக்கவில்லை.

பிறகு அவருக்குத் தலைமை வரைவாளர் பதவி வந்தது. நகரத்தில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மனைவி வள்ளியம்மாளுக்காக ஒப்புக்கொண்டார். ஐந்து மாதம் உட்கார்ந்தார் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் குடிக்க எழுவார், ஜன்னலுக்குப் போவார், பென்சிலைச் சீவிச் சீவியே தீர்த்துவிடுவார். கடைசியில் வள்ளியம்மாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"இவரை எங்காச்சும் வெளிய அனுப்பிப் போடுங்க. ஊட்டுக்குள்ளயே நடந்து நடந்து தரை தேஞ்சு போச்சுங்க."

துரைசாமி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். காட்டு வேலைக்கு மாற்றல் கேட்கும் மனுவை, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, நான்தான் எழுதினேன். அந்தக் காட்டில் காய்ச்சல் உண்டு என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

செய்தி வந்த பிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்கு நான்கு நாள் ஆயிற்று. தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். உள்ளே போனபோது வள்ளியம்மாளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் அந்த மனுவை எழுதியிருக்கக் கூடாதம்மா."

"எழுதச் சொன்னவ நானுங்க. நீங்க ஏன் தலை குனியறீங்க?" என்றார். "இங்க அஞ்சு மாசம் ஆருமில்லாதவராட்டம் இருந்தாரு. காட்டுக்குப் போயி ரெண்டு வருசம், ஒவ்வொரு தடவை வாரப்பவும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் வந்தாரு. எனக்கு அழுகையும் வருது, கோவமும் வருதுங்க."

எனக்கும் அப்படித்தான்.

நான் காட்டில் தங்கக்கூடியவன் அல்லன். வெயில் பட்டாலே தலைவலிக்கும். ஆனாலும் இப்போதெல்லாம் ஒரு படத்தை முடித்துவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய முடிவதில்லை. நாளை திருமகூடலு பக்கம் ஒரு மதகைப் பார்க்க மாட்டுவண்டி சொல்லியிருக்கிறேன். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, எதற்குப் போகிறீர்கள்?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தத் தவிப்பு. அது தணிய வேண்டாம்.