சா வா?

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் சைகோனில் பத்து வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். ‘சா’ என்றால் பிரெஞ்சில் ‘அது’, சைகோன்காரர்களுக்குத் ‘தூரம்’ என்று எல்லோரிடமும் பெருமையடிப்பேன். பாகூருக்கு வைத்தியம் பார்க்க வரும் பிரெஞ்சு டாக்டருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கி வந்தாள். டாக்டர் சிரித்தபடி குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "சா வா?" என்றார். நலமா என்று கேட்கவும், நலம் என்று சொல்லவும் பிரெஞ்சில் அதே வார்த்தைதான்.

"சிரிச்சிக்கினே எம் பொண்ணு சாவான்னு சொல்றாரே!" என்று அலறி, குழந்தையை வாரிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள்.

நான் சிரித்துவிட்டேன். "மூத்தவளும் இதே காய்ச்சல்லதான் போனா" என்று வாசலில் அவள் அழுதது கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது. ஓடிப்போய் அர்த்தம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அழைத்து வந்தேன்.

மறுவாரம் அந்தக் குழந்தை நடந்தே வந்தது. டாக்டர் பழக்கத்தில் மறுபடியும், "சா வா?" என்றார்.

"சாவ மாட்டா, தொரே!" என்றாள் தாய், தலையை நிமிர்த்தி.

என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சா வா" என்றேன்.

என் உத்தியோகத்தில் அதைவிடச் சரியாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.